நாலு மணிக்கு மேலே பிள்ளை எங்கே? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பள்ளிக்கூட மணி அடித்ததிலிருந்து அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து வீடு திரும்பும் வரை, நகரத்துப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் இருக்கிற அந்த மூன்று நான்கு மணி நேரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மே மாதம் வந்தால் நாள் முழுக்க அதே கதைதான் என்றும் சொல்லியிருந்தேன். வழக்கத்தை விட நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர் பிள்ளையின் பெயர், தெருவின் பெயர் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் ‘வெளியே போட வேண்டாம்’ என்று கேட்டிருப்பதால், ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பதினொரு வருடம் மாலை வகுப்பு நடத்தியவள் என்கிற தைரியத்தில்தான் பதில் சொல்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டதும் அங்கங்கே வரும்.

பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். எங்கள் பிளாக்கில் மட்டும் முப்பது நாற்பது பிள்ளைகள். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் தண்டவாளம் பக்கம் போய்விடுகிறார்கள். இலவசமாக வகுப்பு எடுக்க ஆசை. முதலில் என்ன செய்வது? (வாசகி, வியாசர்பாடி)

முதலில் இடம் பாருங்கள், ஆனால் உங்கள் வீடு வேண்டாம். ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு அது, நானும் செய்தேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, விருந்தாளி வந்திருக்கிறார், கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று வாரத்தில் ஒரு நாள் கதவு சாத்தியிருக்கும், அந்த ஒரு நாள் வந்து திரும்பிப் போகிற பையன் மறுநாள் வரமாட்டான். அவன் வாழ்க்கையில் ஏற்கெனவே சொன்னபடி நடக்காத பெரியவர்கள் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

பக்கத்தில் மாநகராட்சிப் பள்ளி இருக்கிறதா? நாலரை மணிக்கு மேல் அந்த வகுப்பறைகள் பூட்டித்தான் கிடக்கும். தலைமை ஆசிரியரிடம் தனியாகப் போய்க் கேட்டால் ‘மேலே கேட்கணும்மா’ என்பார், அவர் மேல் தப்பும் இல்லை, ஏதாவது உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசு, மாநகராட்சிப் பள்ளியிலும் இருக்க வேண்டிய குழு அது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் பிளாக்கிலேயே யாராவது ஓர் அம்மா அதில் உறுப்பினராக இருப்பார், அவருக்கே அது ஞாபகம் இல்லாமலும் இருக்கலாம். அந்தக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வார்டு கவுன்சிலர் கையெழுத்தோடு மண்டலக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினால் கோப்பு நகரும். எனக்கு நகர ஏழு மாதம் ஆனது. நடுவில் ஓர் அலுவலகத்தில் என் மனுவையே தொலைத்துவிட்டு ‘நீங்க கொடுக்கவே இல்லையே’ என்றார்கள், அன்றிலிருந்து எந்தக் காகிதம் கொடுத்தாலும் நகலில் சீல் வாங்காமல் நகர்வதில்லை. அந்த ஏழு மாதமும் சர்ச் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் ஓட்டினோம். கோயில் மண்டபமோ மசூதித் திண்ணையோ எதுவானாலும் சரி, விளக்கு எரிய வேண்டும், பக்கத்தில் கழிப்பறை இருக்க வேண்டும்.

இரண்டாவது, ‘ட்யூஷன்’ என்று பெயர் வைக்காதீர்கள். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து திட்டு வாங்கிவிட்டு வருகிற பையனுக்கு இன்னொரு பெஞ்சைக் காட்டினால் ஓடத்தான் செய்வான். முதல் இரண்டு வாரம் கேரம் போர்டு ஒன்று, செஸ் போர்டு இரண்டு, கொஞ்சம் கதைப்புத்தகம், அஞ்சு மணிக்குச் சுண்டல். ஒரு கிலோ கடலை ஊற வைத்தால் முப்பது பேருக்குத் தாராளமாக வரும். சுண்டலைக் கேலி செய்கிறவர்கள் மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஒன்பது மணி வரை காத்திருந்து பார்க்கட்டும். மூன்றாவது வாரம் அவர்களே ‘அக்கா, இந்தக் கணக்கு புரியல’ என்று நோட்டை நீட்டுவார்கள்.

முதல் மாதம் என்னிடம் ஒரு பையன், ஆறாவது படிக்கிறவன், தினமும் வந்து பையைத் தலைக்கு வைத்துச் சுவரோரம் படுத்துத் தூங்கிவிடுவான். வந்த தொண்டர் ஒருவர் எழுப்பப் போனார், வேண்டாம் என்றேன். பிறகுதான் தெரிந்தது, ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர், ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் டிவி அணைகிறது, காலையில் நாலு மணிக்கு அப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிளம்புகிற சத்தம். ஆறு வாரம் தூங்கினான், வேறெதுவும் செய்யவில்லை. அப்புறம் ஒருநாள் தூங்காமல் எழுந்து உட்கார்ந்து கேரம் போர்டுக்குப் பவுடர் போட்டான். இப்போது அவன் ஐ.டி.ஐ. முடித்து ஏ.சி. மெக்கானிக். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகம் ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்தே இருக்க வேண்டும், யார் வந்தார் யார் எத்தனை மணிக்குப் போனார் என்று ஒரு நோட்டு இருக்க வேண்டும். ‘வாரம் ஒருநாள் வந்து சொல்லித்தர்றேன்’ என்று வருகிற நல்லவர்களையும் தனியாகப் பிள்ளையோடு விடாதீர்கள். சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

நீங்கள் ஒருவர்தான் என்றால் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். கடிதத்தில் ‘நாற்பது பேரையும்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ஆசை புரிகிறது, மூன்று மாதத்தில் குரல் போய்விடும்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் கோடை முகாம் நடத்தியது. டி-ஷர்ட், தொப்பி, ஆளுமைத் திறன் பயிற்சி, எல்லாம் கொடுத்தோம். முதல் நாள் 80 பேர், நாலாவது நாள் 19 பேர். நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருத்தமாக இருக்கிறது. (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அண்ணா நகர்)

சொல்ல மாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிட்டீர்கள், சார்! கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். முதல் நாள் தொடக்க விழா மட்டும் இரண்டே கால் மணி நேரம், பேசியவர்கள் ஆறு பேர். பத்து வயதுப் பிள்ளையை மே மாதத்தில் ஷாமியானாவுக்குக் கீழே இரண்டே கால் மணி நேரம் கைதட்ட வைத்தால் அவன் நாலாவது நாள் வரை வந்ததே உங்கள் மேல் இருக்கிற மரியாதையால்தான்.

நேரத்தையும் கவனியுங்கள். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை வைத்திருக்கிறீர்கள், சாப்பாடு இல்லை. பள்ளி நாட்களில் இந்தப் பிள்ளைகளுக்கு மதியம் சத்துணவு உண்டு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவாக்கிய திட்டம். 2022 செப்டம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. விடுமுறை விட்டால் இரண்டும் நின்றுவிடும். அம்மா வீட்டு வேலைக்குப் போயிருப்பார், மே மாதத்தில் மதியச் சாப்பாடு என்பது பெரும்பாலும் காலையில் வடித்து மூடி வைத்த சோறு, அல்லது தெருமுனைக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்குகிற ஏதாவது. அமெரிக்காவில் இதையே ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டு கோடை விடுமுறைக்கென்று தனியாக மத்திய அரசின் உணவுத் திட்டம் வைத்திருக்கிறார்கள், 1975-லிருந்து அது நிரந்தரத் திட்டம், பூங்காவிலும் நூலகத்திலும் சர்ச்சிலும்கூடப் பிள்ளைகள் போய்ச் சாப்பிடலாம். நமக்கு அப்படி ஒன்று வரும்போது வரட்டும். அடுத்த வருடம் டி-ஷர்ட் காசில் தக்காளி சாதமும் முட்டையும் போடுங்கள், முகாம் பதினொன்றரைக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடியட்டும். அந்த வெயில் நேரத்தில்தான் பிள்ளைகளுக்குப் போக இடம் இருக்காது, உங்கள் சங்கக் கூடத்தில் மின்விசிறி இருக்கிறது.

அப்புறம் அந்த ஆளுமைத் திறன். விட்டுவிடுங்கள் சார். உங்கள் சங்கத்தில் தையல் தெரிந்த அம்மா இருப்பார், சைக்கிள் பிரித்து மாட்டத் தெரிந்த தாத்தா இருப்பார். நீங்களே வங்கியில் இருந்தவர், பதினாலு வயதுப் பையனுக்குச் செலான் நிரப்பவும் கணக்கு தொடங்கவும் சொல்லிக்கொடுங்கள். கையில் எடுத்துப் போக ஒரு வேலை தெரிந்தால் அவன் மறுநாளும் வருவான்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். பையன் எட்டாவது. நாலேகாலுக்கு வீட்டுக்கு வந்து சாவியை எடுத்துத் திறந்து எட்டு மணி வரை போனோடு இருக்கிறான். அபாகஸ், ஹிந்தி, கோடிங் மூன்றிலும் சேர்க்கலாமா? (வாசகி, அம்பத்தூர்)

மூன்றிலும் சேர்த்தால் போன் பார்க்க நேரம் இருக்காது என்பது உண்மைதான், மூச்சு விடவும் இருக்காது. பதின்மூன்று வயதுப் பையனிடம் ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்று கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டால் முதலில் ‘தெரியல’ என்பான், இரண்டாவது வாரம் சொல்வான்.

செலவு பெரிதாக வேண்டாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது, 5 முதல் 16 வயது வரை சேரலாம். பாட்டு, பரதம், ஓவியம் மாதிரியான வகுப்புகள், தனியார் வகுப்புகளோடு ஒப்பிட்டால் கட்டணம் பெயருக்குத்தான். விளையாட்டு பிடிக்கும் என்றால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடை விடுமுறையில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறது, ஏப்ரலில் செய்தித்தாளில் ஓரமாக ஓர் அறிவிப்பு வரும், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அப்படி ஏதாவது ஒன்று, மீதி நாளுக்கு உங்கள் தெருவிலேயே இதே நிலையில் இருக்கிற இன்னும் மூன்று வீட்டைப் பிடியுங்கள். ஆளுக்கொரு நாள் ஒரு வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ திண்ணையில் இருந்தால் போதும். அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ‘என்னடா, சாப்பிட்டியா’ என்று கேட்டால் சரி.

போனைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்ப்பான்.

பையன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டான், 16 வயது. லீவில் மொபைல் சர்வீஸ் கடையில் வேலைக்குப் போகிறேன் என்கிறான். என் அண்ணன், ‘காசைப் பார்த்துட்டா படிப்பு போச்சு’ என்கிறார். அனுப்பலாமா? (வாசகி, புளியந்தோப்பு)

உங்கள் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லீவுக்கு என்று போய்த் திரும்பாத பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் போகவிடாமல் வீட்டில் உட்கார வைத்தால் என்ன செய்வான் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சட்டம் முதலில். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது, மற்ற இடங்களில் வைக்கலாம், அதற்கும் கட்டு உண்டு. இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் ஓய்வு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் காலை எட்டு மணி வரை வேலையே கூடாது, வாரத்தில் ஒருநாள் விடுமுறை. இதைக் கடைக்காரரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். ‘எங்க கடை ராத்திரி பத்து மணி வரைக்கும்மா’ என்று இழுத்தால் வேறு கடை பாருங்கள்.

இனி அந்தக் ‘காசைப் பார்த்துட்டா’ விஷயம். அமெரிக்காவின் சிகாகோவில் 2012 கோடையில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வன்முறை அதிகம் இருந்த பகுதிகளின் 13 பள்ளிகளிலிருந்து விண்ணப்பித்த 1,634 பிள்ளைகளில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேர வேலை. குறைந்தபட்சக் கூலி, கூடவே வேலைக்குப் போய் வர, முதலாளியிடம் பேச, சண்டை வந்தால் சமாளிக்க என்று உதவிக்கு ஒரு பெரியவர். சாரா ஹெல்லர் என்கிற ஆய்வாளர் அடுத்த 16 மாதம் போலீஸ் பதிவுகளைப் பார்த்தார், வேலை கிடைத்தவர்களிடையே வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் 43 சதவீதம் குறைவு. அதுவும் பெரும்பகுதி குறைந்தது வேலை முடிந்த பிறகு, அதாவது ‘வேலையில் இருந்ததால் சண்டைக்கு நேரம் இல்லை’ என்று தள்ளிவிட முடியாது. ஒரு பகுதியினருக்கு வாரத்தில் பத்து மணி நேரத்தைக் குறைத்து, கோபத்தைக் கையாள்வது பற்றி வகுப்பு எடுத்தார்கள், அவர்களுக்கும் முழு நேரமும் வேலை பார்த்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். மற்ற வகைக் குற்றங்களிலோ பள்ளிப் படிப்பிலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிகாகோ வேறு, புளியந்தோப்பு வேறு, எனக்கும் தெரியும். ஆனால் அங்கே வேலையோடு ஒரு பெரியவரையும் கொடுத்தார்கள், அதை நாமும் செய்யலாம். கடையில் பொறுப்பான சீனியர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். சம்பளத்தில் பாதியை அவன் பெயரிலேயே தபால் நிலையத்தில் போடுங்கள், மீதியை எப்படிச் செலவு செய்தான் என்று நோண்டாதீர்கள். பதினொன்றாம் வகுப்பு சேர்க்கைக்கு வேண்டிய வேலைகளை அவன் வேலைக்குப் போகும் முன்பே முடித்துவிடுங்கள். இதுதான் உங்கள் அண்ணனுக்கு என் பதில்: ‘ஜூன் மாதம் ஸ்கூலுக்குப் போவான், கடைக்காரருக்கும் அது தெரியும்.’

சமூகப்பணி முதுகலை மாணவன். மாலை வகுப்பு, கோடை முகாம் எல்லாம் உண்மையிலேயே பலன் தருகிறதா, அல்லது நடத்துகிறவர்களின் மனத்திருப்திதானா? (சேப்பாக்கம்)

மனத்திருப்தியும் ஒரு பலன்தான் தம்பி, ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை, சரி.

நம் ஊரிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்கிற தமிழ்நாடு அரசின் மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியது. தெருவிலேயே இருக்கிற தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ என்கிற மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். மூடலால் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு இந்த மாலை வகுப்புகள் காரணம். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள் என்பதும் அதில் உண்டு. பன்னிரண்டாவது முடித்த பக்கத்து வீட்டு அக்கா, பெரிய பயிற்சி எதுவும் இல்லாமல், திண்ணையில் பாய் போட்டுச் செய்த வேலை. ஆனால் அது கிராமத்துக் கணக்கு. நகரத்தில் வாடகை வீடு மாறுகிறவர்கள், ஊருக்குப் போய்விடுகிறவர்கள், மறுகுடியமர்வு என்று குடிசையைக் காலி செய்து தொலைவில் கொண்டுபோய் விடப்படுகிறவர்கள் என்று வகுப்பே கரைந்துபோகும். எனக்கு ஒரே வருடத்தில் பதினொரு பிள்ளைகள் அப்படி ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பான பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டார்கள், அதில் இரண்டு பேர் ஒரு மாதம் வரை ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள்.

‘கோடையில் எல்லாம் மறந்துவிடும்’ என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அமெரிக்காவின் பால்டிமோரில் 1982-ல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து, ஏழைக்கும் வசதியானவருக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் கோடையில்தான் விழுகிறது என்று சொன்ன ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள், பழைய தேர்வுகளில் மதிப்பெண் போட்ட முறையே அந்த இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டியது என்று வாதிட்டார்கள், விவாதம் இன்னும் ஓயவில்லை. அங்கே விடுமுறையும் இரண்டரை மாதம், நமக்கு ஒன்றரை மாதம் போல. கோடை முகாமுக்கு நான் சொல்கிற காரணம் வேறு. அந்த ஒன்றரை மாதத்தில்தான் ஏழாவது படிக்கிறவன் தெருமுனைப் பெரிய பையன்களோடு முதல் தடவையாக உட்கார்ந்து பழகுகிறான், கூல் லிப் என்கிற, உதட்டில் அடக்கும் புகையிலையும் போதை மாத்திரையும் அங்கேதான் கைமாறுகிறது. இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை, ஜூன் மாதம் திரும்பி வருகிற முகங்களைப் பார்த்ததுதான்.

பெரும்பாக்கத்தில் மாலை வகுப்பில் உதவுகிறேன். பையன்கள் வருகிறார்கள். ஏழாவதுக்கு மேல் பெண் பிள்ளைகள் வருவதே இல்லை. வீட்டில் போய்ப் பேசியும் பார்த்தோம். (கல்லூரி மாணவி)

என்ன பேசினீர்கள்? ‘பெண் கல்வி முக்கியம்’ என்றுதானே? அந்த அம்மாவுக்கு அது தெரியும்மா, அவர் வேலைக்குப் போவதே அதற்காகத்தான்.

எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் வகுப்பு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம். எட்டாவது படிக்கிற ஒரு பெண் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஐந்தே முக்காலுக்கு வெளியே லாரி ஹாரன் கேட்டது, பாதிக் கணக்கில் பென்சிலை வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மறுநாள் வாசலில் நாலு குடம். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, பிறகுதான் உறைத்தது. பையன்களுக்கு அஞ்சரை மணி காலி நேரம், இவர்களுக்குத் தண்ணீர் நேரம், தம்பியைப் பார்த்துக்கொள்கிற நேரம், உலை வைக்கிற நேரம். பெண் பிள்ளைகளுக்கு வகுப்பை ஆறரைக்கு மாற்றினோம், தம்பி தங்கையையும் தூக்கிக்கொண்டு வரலாம் என்றோம், மூலையில் ஒரு பாயும் கொஞ்சம் பொம்மையும் போட்டோம். அதற்குமேல் ஒன்று: எட்டு மணிக்கு வகுப்பு முடிந்ததும் இரண்டு அம்மாக்கள் முறைவைத்துப் பிள்ளைகளை பிளாக் பிளாக்காகக் கொண்டுபோய் விட்டார்கள். படிக்கட்டில் விளக்கு எரியாத குடியிருப்பில் இது இல்லாமல் எந்த அப்பாவும் அனுப்பமாட்டார், அனுப்பவும் கூடாது. குடியிருப்பு வாரியத்தில் அந்த விளக்குக்கு மனு கொடுப்பதையும் உங்கள் வகுப்பு வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கழிப்பறையும், பூட்டு சரியாக விழுகிற கதவும், நாப்கின் வைத்த ஒரு பெட்டியும் வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நான் மூன்றாவது வருடம்தான் வைத்தேன்.

கேரம், கபடி என்று பிள்ளைகளை ஆடவிட்டால் சோறு போடுமா? (கொருக்குப்பேட்டை)

ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள், கோபம் தெரிகிறது. வடசென்னைப் பகுதியைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார், அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை தர யோசித்த ஊர் இது, அந்தப் பெண்ணால் அந்தப் பெயரே வேறு மாதிரி உச்சரிக்கப்பட்டது.

ஆனால் இதை வைத்து உங்களை மடக்க எனக்கு விருப்பமில்லை. ஆயிரம் பிள்ளைகள் ஆடினால் ஒருவர் காசிமா. மீதி 999 பேருக்குக் கேரம் சோறு போடாது. அவர்களுக்கு அது சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார ஓர் இடம், எதிரே ஒரு கூட்டாளி, தோற்றாலும் மறுநாள் திரும்பி வருகிற பழக்கம். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் சந்துக்குச் சந்து கேரம் கிளப் இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நடத்தியவர்களில் பலர் மூட்டை தூக்குகிறவர்கள், மீன் விற்கிறவர்கள். கால்பந்தும் அப்படித்தான், வியாசர்பாடியை ‘குட்டி பிரேசில்’ என்று சும்மா சொல்வதில்லை. அந்தப் பெரியவர்கள் யாரும் அதை ‘இளைஞர் மேம்பாடு’ என்று சொல்லிக்கொண்டதில்லை.

உங்கள் பையன் எத்தனை மணி வரை ஆடுகிறான் என்று எழுதவில்லை. ஒன்பது மணிக்கு மேல் என்றால் நானும் உங்கள் பக்கம்.

எங்கள் வகுப்புக்குக் கம்பெனிகளிடமிருந்து, சமூகப் பணிக்கென்று அவர்கள் ஒதுக்குகிற சி.எஸ்.ஆர். பணம் வாங்க முடியுமா? (தொண்டு அமைப்பு, மாதவரம்)

முடியும், உடனே முடியாது. நேரடியாகப் பெற வேண்டுமென்றால் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி என்கிற வரிச்சலுகைப் பதிவுகள், மூன்று வருட வேலை அனுபவம், சி.எஸ்.ஆர்-1 படிவம் எல்லாம் வேண்டும். வாங்கிய பிறகு ‘எத்தனை பயனாளிகள்’ என்று மாதம் ஒரு அட்டவணை கேட்பார்கள், சுவரோரம் தூங்கிய பையனை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் இரண்டு வருடம் தெருக்காரர்களிடம் மாதம் நூறு ரூபாய் வாங்கி ஓட்டுங்கள். மளிகைக் கடைக்காரர் கடலையைக் கொடுத்துவிடுவார்.

வீட்டில் பழைய கைடுகள், என் மகள் எழுதி முடித்த நோட்டுகள் இரண்டு அட்டைப்பெட்டி இருக்கின்றன. உங்கள் பழைய வகுப்புக்கு அனுப்பலாமா? (வாசகி, மயிலாப்பூர்)

கைடு பழைய பாடத்திட்டம் என்றால் வேண்டாம், எழுதி முடித்த நோட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஒரு பீரோ நிறைய இருக்கிறது. வேண்டியது இரண்டு டியூப் லைட், ஒரு டப்பா கேரம் பவுடர், ஸ்ட்ரைக்கர் மூன்று. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நேரில் கொண்டுவந்தால் சுண்டல் உண்டு.